முனிரத்தினத்தின் முன்னங்கால்

ஜனவரி 7, செவ்வாய்

கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி. போன வருடத்து டைரியை என் மனைவி அமிர்தம் கோலப் புள்ளி வைத்துப் பார்த்தே தீர்த்துவிட்டாள். அதனால் இதை அலமாரியில் வைத்துப் பூட்டப் போகிறேன்.

முதல் பக்கத்தில் விவரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம், ஹவல்தார் கிளார்க், ஓய்வு. இருபத்து நான்கு வருடம் ராணுவத்தில் பேனா பிடித்தவன். குற்றம் சொல்லிச் சிவப்பு மையில் ஒரு குறிப்பு என் மேல் விழுந்தது கிடையாது. அதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். அதனால் முன்னாள் படைவீரர் சங்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். கட்டிடம் பழைய ரேஷன் கடை. இன்னும் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. ஒன்று சொல்லிவிட வேண்டும், நான் தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பதில்லை. பின் துருப்பிடிக்கும், தாளைத் தின்னும். ஊசி, வெள்ளை நூல், இடது மூலையில் இரட்டை முடிச்சு. நான் தைத்த கோப்பிலிருந்து இன்றுவரை ஒரு தாள் கழன்று விழுந்ததில்லை.

இன்று முனிரத்தினம் என்று ஒருவன் வந்தான். அறுபத்து நான்கு வயது. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் அவன் சம்சாரம் சம்பூர்ணம். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஒரு மணி நேரமும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினான்.

"ஒக்காந்தா எழுந்திருக்க முடியாது சாப். எழுந்துட்டா ஒக்கார முடியாது. இடது இடுப்பு. மாத்து இடுப்பு வெச்சாதான் ஆவும்னுட்டாரு டாக்டரு. வெக்காட்டி தை போய் தை வர்றதுக்குள்ள படுத்துடுவியாம்."

மலைப் பகுதியில் கச்சர் ஓட்டியாக இருந்திருக்கிறான். கச்சர் என்றால் கோவேறு கழுதை. வண்டி போகாத இடத்துக்கு அதுதான் சாமான் சுமக்கும். 1987 ஜனவரி 25, பனிச்சரிவில் கச்சரோடு சேர்ந்து உருண்டு விழுந்திருக்கிறான்.

"நானும் சுந்தரியும் ஒண்ணாதான் உருண்டோம். சுந்தரின்னு நான் வெச்ச பேரு. சர்க்காருக்கு அது குளம்பு நம்பர் 2217. எனக்கு இடுப்பு, அதுக்கு முன்னங்காலு. ரெண்டு வாரத்துல என்னை நல்லா ஆயிட்டேன்னு சுமைக்கு அனுப்பிட்டாங்க சாப். சுந்தரிய கட்ற எடம் காலி. கால் ஒடஞ்ச கச்சர சுட்டுடுவாங்க, தெரியும்ல."

ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தான். பிறகு முடியாமல் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எட்டே வருட சேவை. அதனால் ஓய்வூதியமும் இல்லை, மருத்துவ அட்டையும் இல்லை. அன்றைய மருத்துவக் குறிப்பில் இடுப்புக் காயம் பதிவாகியிருந்தால் இரண்டும் கிடைக்கும். அட்டை வந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் கட்டில்.

அந்த மலைப் பக்கம் எனக்குத் தெரியும். குளிர் அதிகம்.

மத்தியானம் படுத்தேன், கண் மூடவில்லை. அமிர்தம் வடைக்குப் பருப்பைச் சரியாக ஊறவைக்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

மருத்துவக் குறிப்பின் நகல் கேட்டு ஆவண அலுவலகத்துக்கு மனு போனது. இரட்டை முடிச்சு.

"சாப் எங்கெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டான் முனிரத்தினம்.

"எல்லா இடத்திலும்" என்றேன். கிளார்க் வேலை அப்படித்தான்.

பிப்ரவரி 5, புதன்

முப்பத்தெட்டாவது கல்யாண நாள். முருகன் கோயில், பிறகு பக்கத்து வீட்டாருக்குச் சர்க்கரைப் பொங்கல். அமிர்தம் வருடா வருடம் சொல்லும் கதையை இந்த வருடமும் சொன்னாள்.

"லீவு வண்டி பத்து நிமிசத்துல கெளம்புதுன்னாங்களாம். அத வுட்டா பனி மூடிக்கும், அடுத்த வண்டி பத்து நாள் கழிச்சிதான். இவரு மேஜை மேல கெடந்தத அப்பிடியே கட்டி வெச்சிட்டு ஓடியாந்தாரு. முகூர்த்தத்துக்கு மொத நாள் சாயங்காலம்தான் வந்து எறங்கனாரு. எங்கப்பா வேற மாப்ள தேட ஆரம்பிச்சிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே கதையை எத்தனை தரம்தான் சொல்வாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லவும் செய்தேன். பொங்கலில் முந்திரி போதவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நகல் வந்துவிட்டது. உறையைப் பிரித்து இருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். மேலட்டையில் முனிரத்தினத்தின் பெயர், எண், ஊர் எல்லாம் சரி. உள்ளே இருந்தது இது:

"வலது முன்னங்காலில் வீக்கம், எலும்பு முறிவு இல்லை. கொள்ளும் தவிடும் நன்றாகத் தின்கிறது. பல் பார்த்ததில் வயது எட்டு. நான்கு லாடங்களும் மாற்றப்பட்டன. குணம் சாது, ஆயினும் பின்னால் நிற்பவரை உதைக்கும். பதினைந்து நாளில் முழுச் சுமை ஏற்றலாம். மலைப் பணிக்கு மிகவும் தகுதியானது."

தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி.

"கொள்ளு ரசம் வெச்சா தொட மாட்டாரே" என்றாள் சம்பூர்ணம்.

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "இது சுந்தரி, சாப். பின்னாடி நின்னா ஒதைக்கும்." பிறகு சொன்னான்: "அப்ப எலும்பு ஒடையலயா அதுக்கு? ஒடையாமலா சுட்டாங்க?"

நடந்தது தெளிவு. ஒரே நாள், ஒரே விபத்து, இரண்டு குறிப்புகள். கச்சருடையதை இவன் கோப்பிலும் இவனுடையதைக் கச்சர் கோப்பிலும் எவனோ வைத்துத் தைத்துவிட்டான். பதினைந்து நாளில் சுமை ஏற்றலாம் என்று கச்சருக்கு எழுதியதைப் பார்த்து இவன் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். படிக்காமலே கையெழுத்துப் போடும் அதிகாரிகள் அன்றும் இருந்தார்கள்.

நகலின் இடது மூலையில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறது. ஜெராக்ஸ் கண்ணாடியில் தூசி இருந்திருக்கும்.

பிபி மாத்திரை வாங்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழு முன் முனிரத்தினத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கேப்டன் அந்தஸ்தில் ஓர் இளம் பெண் டாக்டர். நல்ல பெண், விதியை மீறாத பெண். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நமக்குத்தான் கஷ்டம்.

"சார், ரெக்கார்டுல எந்த உறுப்பு இருக்கோ அதை மட்டும்தான் நான் செக் பண்ண முடியும். இதுல இடுப்பே இல்லையே. வலது முன்னங்கால்னு இருக்கு. அது எதுன்னு காட்டச் சொல்லுங்க."

இக்கட்டான கேள்வி. மனிதனுக்கு முன்னங்கால் கிடையாது என்று நான் சொன்னால் கோப்பே செல்லாது, மனு அங்கேயே முடிந்தது. உண்டு என்றால் காட்ட வேண்டும். வராந்தாவில் கூடி யோசித்தோம். முன்னால் இருப்பது கைதானே என்றாள் சம்பூர்ணம். முனிரத்தினம் வலது கையை நீட்டினான்.

டாக்டர் முழங்கையை மடக்கினார், நீட்டினார், மூன்று விதமாகத் தட்டினார். அவன் இடுப்பு வலியில் முகம் கோணியது. அது குறிப்பில் இல்லாத வலி. அவர் வருத்தத்தோடுதான் எழுதினார்: "வலது முன்னங்கால் பூரண நலம்."

மனு தள்ளுபடி. வரும் வழியில் பஸ்ஸில் இடம் கிடைத்தும் முனிரத்தினம் நின்றுகொண்டே வந்தான். நானும் நின்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

கச்சர் கோப்பின் நகல் கேட்டுத் தகவல் உரிமையில் எழுதியிருந்தேன். பதில் வந்தது. நான் இருபத்து நான்கு வருடம் எழுதிய மாதிரியான கடிதம், ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"தாங்கள் கோரும் கோப்பு மூன்றாம் நபரைப் பற்றியது. குளம்பு எண் 2217இன் எழுத்து மூலமான சம்மதம் தேவை. அவர் காலமாகியிருப்பின் வாரிசுகள் அனைவரின் சம்மதமும் தேவை."

முனிரத்தினம் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "கச்சருக்கு ஏது சாப் வாரிசு? அது குட்டியே போடாதே."

கோவேறு கழுதைக்குச் சந்ததி கிடையாது என்பது இயற்கை விதி. ஆனால் இயற்கை விதியை இணைப்பாக வைக்க முடியாது, சான்றிதழ் வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் கிராம நிர்வாக அலுவலகம். வாரிசு இல்லை என்பதற்குச் சான்றிதழ் கேட்டேன்.

"யாருக்கு?"

"கச்சருக்கு."

"எந்தத் தெரு?"

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்து, ஆதார் எண் என்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா, கூட்டிப்போக வரச் சொல்லட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அங்கிருந்து கால்நடை ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் தங்கமான மனிதர். கோழிக்கு ஊசி போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். தாளை வாங்கி எழுதினார்: "கோவேறு கழுதை இனத்துக்குச் சந்ததி இல்லை. எனவே மேற்படி சுந்தரிக்கு வாரிசுகள் இல்லை, இருந்திருக்கவும் முடியாது." முத்திரையும் குத்தினார்.

"கெடைச்சா எனக்கும் சொல்லுங்க சார்" என்றார். எது கிடைத்தால் என்று சொல்லவில்லை.

வீட்டு மோட்டார் சத்தம் போடுகிறது. பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. வாரிசு இல்லாத நிலையில் பாதுகாவலர் சம்மதம் தரலாம் என்று ஒரு படிவமும் வந்தது. கச்சர் ஓட்டிதான் கச்சருக்குப் பொறுப்பு, ஆக முனிரத்தினமே பாதுகாவலர்.

படிவத்தை நிரப்பினோம். பெயர்: சுந்தரி. தகப்பன் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"கழுதைன்னு போடுங்க" என்றாள் சம்பூர்ணம். "திட்றேன்னு நெனச்சிக்காதீங்க. அதுக்கு அப்பன் கழுதைதானே."

தகப்பன்: கழுதை. தாய்: குதிரை. பாதுகாவலருக்கும் இவருக்கும் உள்ள உறவு: "என்னைச் சார்ந்தவர்." இதை முனிரத்தினம் தானே யோசித்துச் சொன்னான். அடுத்தது இறந்த தேதி.

"அத வுட்டுடுங்க சாப். நான் கண்ணால பாக்கல. சத்தம் மட்டும் கேட்டாப்பல இருந்திச்சி. அது கூட வேற எதுக்கோ சுட்டதா இருக்கலாம்."

கட்டத்தை நிரப்பாமல் விடுவது என் பழக்கம் அல்ல. விட்டேன்.

மே 13, செவ்வாய்

பதில் இல்லை. முனிரத்தினம் இப்போது இரண்டு தடி ஊன்றுகிறான்.

ஜூன் 3, செவ்வாய்

சுந்தரியின் கோப்பு வந்தது.

உள்ளே நான்காவது தாளில் இருக்கிறது. "நோயாளி கச்சர் ஓட்டி. இடது இடுப்பு எலும்பில் விரிசல். மூன்று மாதம் முழு ஓய்வு. உடனே சமவெளிக்கு இறக்கவும். இனி ஒருபோதும் மலையில் சுமை ஏற்றக் கூடாது." தேதி 27-1-87.

வாசித்ததும் முனிரத்தினம் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். "எழுதியிருக்காங்க பாரு. எழுதியிருக்காங்கடி" என்றான் சம்பூர்ணத்திடம். முப்பத்தெட்டு வருடமாக அவனையே அவன் சந்தேகப்பட்டிருக்கிறான் போல, வலி நிஜம்தானா என்று.

கூடவே ஒரு கடிதம். "இத்தாளில் பெயர் இல்லை. ஆகவே இது விண்ணப்பதாரருடையதென்று, இரு கோப்புகளையும் அன்று தைத்த எழுத்தரே உறுதிமொழி அளித்தால் மட்டும் பரிசீலிக்கலாம். அந்த எழுத்தர் யாரென்று இவ்வலுவலகத்தில் பதிவு இல்லை."

"அந்தக் கிளார்க்க எங்க போய்த் தேடறது சாப்" என்றான் முனிரத்தினம். "செத்தே போயிருப்பான்."

"இருக்கலாம்" என்றேன்.

மற்றத் தாள்களை அவர்களுக்கு வாசிக்கவில்லை. நேரமாகிவிட்டது. இந்த நகலிலும் அதே மூலையில் அதே நிழல். இரண்டு ஜெராக்ஸிலும் ஒரே இடத்தில் தூசி விழுமா?

ஜூன் 6, வெள்ளி

சங்கத்துக்குப் போகவில்லை. மோட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

போகவில்லை. மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டது. கழற்றி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்றாள் அமிர்தம். என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன் என்றேன்.

சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நம்ம கல்யாணத்துக்கு வர்றப்போ, மேஜ மேல கெடந்தத கட்டி வெச்சிட்டு வந்தேன்னீங்களே. இன்னா கட்டு அது?"

நான் மோட்டார் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா சம்பூர்ணம் நேத்து வந்திச்சி. வெள்ளிக்கெழம சாப காணோமே, ஒடம்பு சரியில்லயான்னு கேட்டுச்சி. அவரு அடிபட்ட தேதியும் சொல்லிச்சி." அடுத்த பீன்ஸை எடுத்துக்கொண்டு, "அலமாரிக்கு ரெண்டு சாவி" என்றாள்.

ஜூன் 11, புதன்

எழுதிவிடுகிறேன். என் டைரிதானே. வேறு ஒருத்தியும் படிக்கிறாள் என்றாலும்.

1987 ஜனவரியில் அந்த மலையின் தலைமை அலுவலகத்தில் நான்தான் கிளார்க். ஆளுக்கு அடிபட்டாலும் கச்சருக்கு அடிபட்டாலும் குறிப்பு என் மேஜைக்குத்தான் வரும். 27ஆம் தேதி காலை இரண்டும் சேர்ந்து வந்தன. வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். விரல் மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்கவே நான்கு நிமிடம் ஆனது. தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. தைத்தேன். அந்த அவசரத்திலும் இரட்டை முடிச்சுப் போட மறக்கவில்லை. ஒற்றை முடிச்சாக இருந்திருந்தால் எப்போதாவது கழன்று விழுந்திருக்கும், எவனாவது எடுத்துச் சரியான இடத்தில் வைத்திருப்பான். நான் போட்ட முடிச்சு கழலாது.

பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். அந்த நிழல் முடிச்சின் நிழல். ஜனவரி 7ஆம் தேதியே தெரியும் என்றாலும் பொய்யில்லை.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். அமிர்தமும் வந்தாள், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். அவனும் நின்றுகொண்டே கேட்டான்.

முதலில் பேசியது சம்பூர்ணம்தான்.

"அஞ்சு மாசமா வர்றோம். அஞ்சு மாசமும் ஒக்காந்து எழுதிக்கினு இருந்தியே. நீ தாலி கட்டப் போன அவசரத்துல என் புருசன் இடுப்பு போச்சி. நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இவரு தரையில ஒக்காந்து என்கூட ஒரு வேள சோறு தின்னதில்ல. தெரியுமா உனக்கு?"

அதுவரை என்னை 'நீங்கள்' என்று மட்டுமே சொன்னவள். அமிர்தம் அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவள் உதறிவிட்டாள். உதறட்டும்.

முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான். "அப்ப என் காயிதம் சுந்தரி கோப்புக்குப் போச்சில்ல. அத வெச்சி சுந்தரிய இன்னா பண்ணாங்க?"

மற்றத் தாள்களை அப்போதுதான் வாசித்தேன். உடனே சமவெளிக்கு இறக்கப்பட்டது. மூன்று மாதம் முழு ஓய்வு. இனி மலைச் சுமை இல்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் இலேசான வேலை, காலையில் புல் வண்டி இழுப்பது. மாதா மாதம் இடது இடுப்புப் பரிசோதனை, ஒவ்வொரு மாதமும் "திருப்திகரம்". 2003 நவம்பரில் மூப்பினால் இறந்தது.

"சுடலயா?"

"சுடவில்லை."

"பதினாறு வருசம் இருந்திச்சா?"

"பதினாறு வருடமும் பத்து மாதமும்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, சத்தமாக. "இதுங்க காலு ஒடைஞ்சா சுட்டுடுவாங்கன்னு தெரிஞ்சும் அன்னிக்கு அந்த வழியா ஓட்டினு போனது நான் சாப். வேற வழி இருந்திச்சி, சுத்து. சீக்கிரம் போலாம்னு நான்தான் இழுத்தேன். அத கொன்னுட்டேன்னு இத்தினி வருசமா..."

சம்பூர்ணத்துக்கு இது புதுச் செய்தி போல. அவள் கணவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் நான்கு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். எனக்கு வைத்த டம்ளரைக் கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தாள்.

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"அது அப்பறம்" என்றான் முனிரத்தினம். "மொதல்ல எழுதுங்க."

ஜூலை 1, செவ்வாய்

உறுதிமொழிப் பத்திரம் போனது. "மேற்படி இரு கோப்புகளையும் மாற்றித் தைத்த எழுத்தர் நானே. தவறு முழுவதும் என்னுடையது." என் கையால் எழுதிய வாக்கியங்களில் இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சாட்சியாக இப்போது நான் போடும் முடிச்சு ஒன்றையும் ஒட்டி அனுப்பினேன், பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று.

தைப்பதற்கு முன் சம்பூர்ணம் கோப்பை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தாளையும் திருப்பி, "இது யாருது? இதுல இவரு பேரு எங்க?" என்று கேட்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. நான் ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

பதில்: "முடிச்சு ஒத்துப்போகிறது. உறுதிமொழி ஏற்கப்பட்டது. காயம் பணியினால் ஏற்பட்டது. அட்டை வழங்கப்படும்."

கூடவே எனக்குத் தனியாக ஒரு தாள். 1987இல் கோப்பு மாற்றித் தைத்ததற்காக எச்சரிக்கப்படுகிறேனாம். இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சிவப்பு மை.

அமிர்தம் அதை வாங்கிப் படித்துவிட்டு, சட்டம் போட்டு மாட்டட்டுமா என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அட்டை வந்துவிட்டது. முனிரத்தினத்தின் படம், எண் எல்லாம் சரி. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தேன். பின்பக்கத்தில் சார்ந்தோர் பட்டியல்: ஒன்று, சம்பூர்ணம், மனைவி. இரண்டு, சுந்தரி.

படிவத்தில் "என்னைச் சார்ந்தவர்" என்று எழுதி, இறந்த தேதியைக் காலியாக விட்டோம் அல்லவா. அவர்களுடைய கோப்பிலேயே அவள் இறந்த தேதி இருக்கிறது. ஒரு மேஜைக்காரன் பக்கத்து மேஜையைப் பார்த்தால்தானே.

திருத்த மனு எழுதப் பேனாவைத் திறந்தேன். பழக்கம்.

"வேணாம் சாப்" என்றான் முனிரத்தினம். "இருந்துட்டுப் போகட்டும்."

சம்பூர்ணத்தைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்கறீங்க? எனக்கு முன்னாடி வந்தது அது" என்றாள். மறுபடி 'நீங்கள்' ஆகிவிட்டேன்.

பேனாவை மூடிவிட்டேன். தெரிந்தே நான் விட்ட பிழை இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆபரேஷன். எந்த இடுப்பு என்று டாக்டரிடம் மூன்று தரம் கேட்டேன். நான்காம் தரம் கேட்டதும் வெளியே போகச் சொன்னார். போவதற்கு முன் முனிரத்தினத்தின் இடது இடுப்பில் நானே பேனாவால் அம்புக்குறி போட்டு, 'இது' என்று எழுதினேன். நர்ஸ் திட்டினாள். அழிக்கவில்லை.

சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது அந்த நர்ஸ்தான் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்: "இதுல சுந்தரின்னு ஒருத்தங்க இருக்காங்களே, அவங்க யாரு?"

"என் சக்களத்தி" என்றாள் சம்பூர்ணம்.

"வரலையா?"

"அது போய்ச் சேந்து இருவது வருசத்துக்கு மேல ஆவுதும்மா. நல்லா வெச்சிருந்தாங்களாம். இடுப்புல ஒரு கொறயும் இல்லயாம்."

நர்ஸ் வருத்தம் தெரிவித்தாள்.

மூன்று மணி நேரம் ஆனது. பெஞ்சில் நானும் இரண்டு பெண்களும். அமிர்தம் ஆரஞ்சு உரித்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். சம்பூர்ணம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று காலை முனிரத்தினத்தை நடக்கவைத்தார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. முகம் வேர்த்தது, ஆனால் கோணவில்லை. ஜன்னல் பக்கம் போய், அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். பிறகு, யாரும் சொல்லாமலே, மறுபடி உட்கார்ந்தான்.

கட்டிலிலிருந்து எத்தனை அடி நடந்தான் என்று நான் எண்ணினேன். சம்பூர்ணமும் தனியாக எண்ணினாள், என் எண்ணிக்கையை அவள் நம்புவதில்லை. இருவருக்கும் எட்டுதான் வந்தது.